இலையின் தயக்கம்

1

2016 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக வயல் ஒன்றில் புகையிலைச் செடிகளை வளர்த்திருந்தார்கள். அவற்றில் மூன்று புரதங்களின் அளவை மட்டும் மரபணு மாற்றத்தால் கூட்டியிருந்தார்கள். அதே வயலில், அதே வெயிலில் நின்ற சாதாரணச் செடிகளைவிட அவை 14 முதல் 20 சதவீதம் வரை அதிகமாக வளர்ந்தன. ஒளிச்சேர்க்கையில் கைவைக்க முடியும், வைத்தால் பலன் ஆய்வகக் கண்ணாடிக்குடுவையில் மட்டுமல்லாமல் வயலிலும் தெரியும் என்று பலரும் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அவர்கள் திருத்தியது எதை என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். என் கேள்வி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

இலைக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் உச்சிவெயிலில் ஓர் இலைமேல் விழும் வெளிச்சம் அது செலவழிக்கக்கூடியதைவிட அதிகம். மிஞ்சிய ஆற்றலை உள்ளேயே தேங்கவிட்டால் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து இலையின் உள்ளமைப்பையே அரித்துவிடும். அதனால் இலை அந்த மிச்சத்தை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. இந்தத் தற்காப்பு சீக்கிரமே முடுக்கிக்கொள்ளும். சிக்கல் நிறுத்துவதில். ஒரு மேகம் சூரியனை மறைக்கிறது. மேலே இருக்கும் இலை காற்றில் அசைந்து நிழல் போடுகிறது. வெளிச்சம் நொடியில் குறைந்துபோகிறது. இலை அதை உடனே நம்புவதில்லை. ஆபத்து இன்னும் இருக்கிறது என்பதுபோலப் பல நிமிடங்களுக்கு ஆற்றலை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. நிழலில் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்திலும் ஒரு பங்கு இப்படிப் போய்விடுகிறது. ஒரு நாளில் எத்தனை மேகங்கள், எத்தனை அசைவுகள்! கூட்டிப் பார்த்தால் கணிசமான இழப்பு.

இலினாய் ஆய்வாளர்கள் செய்தது இதுதான்: நிழல் வந்ததும் இலை தன் தற்காப்பைச் சீக்கிரமாகக் கைவிடும்படி செய்தார்கள். தயங்கும் இலையைத் தயங்காத இலையாக மாற்றினார்கள்.

இந்த ஆய்வு ஸ்டீபன் லாங் தலைமையில் 2012-இல் தொடங்கிய ஒரு பெரிய திட்டத்தின் பகுதி. கேட்ஸ் அறக்கட்டளை நிதி கொடுத்தது. வசதி குறைந்த நாடுகளின் சிறு விவசாயிகளுக்குப் பலன் போய்ச்சேர வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். 2022-இல் இதே உத்தியை சோயாவில் செய்து காட்டினார்கள். மரபணு மாற்றிய வகைகளில் ஒன்று 33 சதவீதம் வரை கூடுதலாக விளைந்தது. அடுத்த ஆண்டுச் சோதனையில் பயிர் முன்கூட்டியே சாய்ந்துவிட்டது. விளைச்சலில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

நெல், கோதுமை, சோயா போன்ற பயிர்கள் தம்மேல் விழும் சூரிய ஆற்றலில் அதிகபட்சம் 4.6 சதவீதத்தைத்தான் உடலாக மாற்ற முடியும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. வயலில் நடைமுறையில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. இந்த இடைவெளியைக் குறிக்க ஆய்வுலகம் பயன்படுத்தும் சொற்கள் இழப்பு, விரயம், திறனின்மை. இந்தச் சொற்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

2

நான் இருப்பது திருவொற்றியூரில். இந்தப் பக்கம் எந்தத் தெருவை எடுத்தாலும் ஏதாவது ஒரு ஆலையில் ஆயுளைக் கழித்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எங்கள் தெருவில் இருப்பவர் பாய்லர் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். புகையிலைச் செடி விஷயத்தை ஒருநாள் அவரிடம் சொன்னேன். அவருக்குச் செடியில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் மிச்ச ஆற்றலை வெளியே விடுவது, நிறுத்தத் தாமதிப்பது என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது நம்ம சேஃப்டி வால்வு கதைதானே தம்பி” என்றார். “பிரஷர் மேல ஏறுச்சுன்னா வால்வு அடிக்கும். உஷ்ஷுனு ஸ்டீம் போவும், தெருவுக்கே கேக்கும். அடிச்ச வால்வு ஒடனே மூடாது. பிரஷர் நல்லா கொறஞ்சப்பறம்தான் மறுபடி ஒக்காரும். அதுவரைக்கும் போற ஸ்டீம் அத்தினியும் காசு.”

“அப்ப அது நஷ்டம்தானே அண்ணா?”

“யாருக்கு? அடிச்சா மேல இருக்கறவனுக்கு நஷ்டம். அடிக்கலன்னா பக்கத்துல நிக்கற எனக்கு நஷ்டம்.”

தத்துவ நூல்களில் நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் இது. விரயம் என்ற சொல் தனியாக நிற்காது. அதற்கு ஒரு வேற்றுமை உருபு வேண்டும்: யாருக்கு? நீராவியைக் காசாக எண்ணுகிறவருக்கு வால்வு அடிப்பது விரயம். வால்வுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அதுதான் உயிர். இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தைப் பார்க்கிறார்கள், ஒரே அளவைப் படிக்கிறார்கள். கணக்கு எழுதும் இடம்தான் வேறு.

இங்கே ஒரு மறுப்பு வரும். செடிக்குப் புத்தி கிடையாது. தயக்கம், நம்பிக்கை, ஜாக்கிரதை என்றெல்லாம் சொல்வது நம் மனதை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பது. சரிதான். ஆனால் சேஃப்டி வால்வுக்கும்தான் புத்தி கிடையாது. அது ஒரு ஜாக்கிரதை என்று சொல்ல யாரும் யோசிப்பதில்லை. வால்வின் ஜாக்கிரதை அதை வடிவமைத்தவரிடமிருந்து வந்தது. இலையின் ஜாக்கிரதையை யாரும் வடிவமைக்கவில்லை. வெயில் பொசுக்கியவை போக மிஞ்சியவற்றின் வழியாகத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. இரண்டும் செய்யும் காரியம் ஒன்று: எப்போதாவது வரக்கூடிய கெட்ட நேரத்துக்காக, தினமும் கொஞ்சம் பலனை விட்டுக்கொடுப்பது.

3

அப்படியானால் இலையின் தயக்கத்தைக் குறைப்பது தவறா? இயற்கை தெரிந்துதானே வைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். அந்தப் பக்கமும் நான் போகவில்லை.

இயற்கைத் தேர்வு நம் சாப்பாட்டுத் தட்டை நினைத்து நடந்ததல்ல. காட்டுச் செடி ஒன்றுக்குக் காரியம், தான் செத்தாலும் விதை விட்டுச் சாவது. அதற்கு யாரும் தண்ணீர் பாய்ச்சப்போவதில்லை, பக்கத்துச் செடியைப் பிடுங்கப்போவதில்லை. பாதுகாக்க ஆள் இல்லாத உயிருக்கு எவ்வளவு ஜாக்கிரதையும் அதிகமில்லை. வயலில் நிற்கும் செடிக்கு ஆள் இருக்கிறது. காவலாளி வைத்த வீட்டில் எல்லோரும் ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டியதில்லையே!

உண்மையில் விவசாயம் தொடங்கியதே இப்படித்தான். காட்டு நெல் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும். உதிர்ந்த விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைக்காது. சில உறங்கும், அடுத்த மழைக்குக் காத்திருக்கும். முதல் மழை ஏமாற்றினாலும் வம்சம் அழியாமல் இருக்க அதன் ஏற்பாடு அது. மனிதர்கள் உதிராத நெல்லைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒன்றாக முளைக்கும் நெல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். பல நூறு தலைமுறைகளில் நெல் தன் ஜாக்கிரதையை இழந்தது. இழந்த ஜாக்கிரதை காற்றில் கரைந்துவிட்டதா? இல்லை. அது குதிருக்குள் போய் உட்கார்ந்தது. எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லில் கைவைக்காதே என்ற வீட்டுச் சட்டமாக மாறியது. நெல் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு பாட்டி செய்யத் தொடங்கினாள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன விதி. ஒரு செடியிடமிருந்து ஜாக்கிரதையை எடுத்தால் அது காணாமல் போகாது. கை மாறும்.

செடிக்கே அது எவ்வளவு தேவைப்படும் என்பதும் முன்கூட்டித் தெரிவதில்லை. 2020-இல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் அதே மூன்று புரதங்களை அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் கூட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் ஏறி இறங்கும் சூழலில் அந்தச் செடிகள் அதிகம் வளரவில்லை; குறைவாகத்தான் வளர்ந்தன. புகையிலையில் விரயமாக இருந்தது அரபிடாப்சிஸில் தேவையாக இருந்திருக்கிறது. இதை வைத்து இலினாய்க்காரர்கள் சொன்னது பொய் என்று ஆகாது. ஒரு செடியின் கணக்கை இன்னொரு செடிக்கு அப்படியே பெயர்த்து எழுத முடியாது என்றுதான் ஆகும்.

குதிருக்குத் திரும்பி வருகிறேன். அந்தக் கைமாற்றத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஜாக்கிரதையை ஏற்றுக்கொண்ட வீடும், சோறு பொங்கித் தின்ற வீடும் பெரும்பாலும் ஒன்று. (பெரும்பாலும்தான். நாற்று நட்டவர் வீட்டில் குதிர் இருந்ததில்லை என்பது நம் ஊர் வரலாறு.) பலனும் பொறுப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்வரை தவறு நடந்தால் தெரியும், திருத்திக்கொள்ளலாம். இரண்டும் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும்?

அதற்குப் பதில் சொல்ல எங்கள் ஊரே போதும்.

4

1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஆர்-8 என்ற நெல்லை வெளியிட்டது. பேட்டா என்ற உயரமான நெல்லையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்து உருவாக்கியது. பழைய நெல்வகைகள் பலவும் உயரமானவை. உயரமாக இருந்தால் களையை நிழலில் அமுக்கலாம், வெள்ளம் வந்தால் தலையை வெளியே வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு ஜாக்கிரதைதான். ஆனால் உரம் போட்டால் அந்த நெல் இன்னும் உயர்ந்து, கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை நெல் சாயாது. எவ்வளவு உரம் போட்டாலும் மணியாக மாற்றிக் கொடுக்கும். தஞ்சாவூரில் அதற்குச் சற்று முன்பே ஆடுதுறை-27 குறுவைக்குப் பரவத் தொடங்கியிருந்தது. நம் பசுமைப் புரட்சி அப்படி வந்தது.

மரபணு ஆய்வகம் எதுவும் தேவைப்படாத காலம்தான். ஆனாலும் செய்தது அதே காரியம். செடி வைத்திருந்த ஜாக்கிரதையை எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். களையை அமுக்கும் வேலை களைக்கொல்லிக்கும் பெண்களின் முதுகுக்கும் போனது. பூச்சியைச் சமாளிப்பது மருந்துக்கடைக்குப் போனது. மண்ணுக்கு ஊட்டம் தரும் வேலை ஆலைக்குப் போனது. அந்த ஆலை எங்கே இருந்தது? ஒன்று மணலியில்: 1966-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூரிலும் 1960-களிலேயே உர உற்பத்தி வந்துவிட்டது. தஞ்சாவூர் வயலில் பச்சை ஏறியபோது அதன் வேர்களில் ஒன்று கொசஸ்தலையாற்றின் ஓரமாக இறங்கியிருந்தது. பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் பார்த்ததெல்லாம் வயலின் படம் மட்டும்.

2023 டிசம்பர் 26. மிக்ஜாம் புயலில் மணலிப் பக்கமிருந்து ஆற்றில் எண்ணெய் வழிந்து, மீனவர்கள் வலையைத் தொட முடியாமல் இருந்த மாதம். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்துக்கு அருகே, கடலுக்கடியில் உர ஆலைக்குச் செல்லும் குழாயில் அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியா என்பது பயிருக்குத் தேவையான நைட்ரஜனின் ஆலை வடிவம். எங்கோ ஒரு வயலில் ஒரு குட்டை நெல்லின் இலை பச்சையாக இருப்பதற்கான பொறுப்பு அன்று ராத்திரி பெரியகுப்பத்தின் நுரையீரல்களில் இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதிக் கணக்கு. எங்கள் தெருவும் அந்த அரிசியைத்தான் தின்றது. 2011-இலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசிக்கு விலையில்லை. மாதம் 20 கிலோ அரிசி வீட்டுக்கு வருவது என்றால் என்ன என்று, வராத காலத்தில் இருந்தவர்களைக் கேட்க வேண்டும். விளைச்சல் கூடாமல் அந்தக் கடை இல்லை. பசுமைப் புரட்சியை ஒரு சதியாகச் சொல்லும் கட்டுரைகளை நான் முழுசாக வாசித்து முடிப்பதில்லை. அவற்றில் ரேஷன் கடை வருவதே இல்லை.

அதே சமயம், விளைச்சல் கூடினால் பலன் தானாகக் கீழே வடியும் என்பதும் பொய். புது நெல் தஞ்சாவூரில் பரவிக்கொண்டிருந்த நாட்களில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பின்னால் இருந்தது கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்ட போராட்டம். நெல் அதிகமாக விளைந்தது. அதிலிருந்து ஒரு பிடி கூடக் கொடுக்க மனம் விளையவில்லை. இலைக்குள் எந்த மரபணுவை மாற்றினாலும் இது மாறாது.

எம்.எஸ்.சுவாமிநாதன் இதில் ஒரு பாதியையாவது முன்பே பார்த்திருந்தார். பசுமைப் புரட்சியின் முகமாக அறியப்பட்ட அவரே, 1968 ஜனவரியில் வாராணசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார்: மண்வளத்தைக் கவனிக்காத தீவிர சாகுபடி, கண்மூடித்தனமான பூச்சிமருந்து, நிலத்தடி நீரை உறிஞ்சுவது, பல உள்ளூர் ரகங்களின் இடத்தில் ஒன்றிரண்டு ரகங்களை மட்டும் நடுவது, எல்லாம் சேர்ந்து பின்னால் பெரிய விலை கேட்கும் என்று. புரட்சி தொடங்கும்போதே எச்சரிக்கையும் கூடவே இருந்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கையைப் பேச்சாக வைத்துக்கொண்டு நெல்லை மட்டும் வயலில் வைத்தோம். யார் கையில் எந்தப் பொறுப்பு என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எவ்வளவு சத்தமில்லாமல் போகும் என்பதற்கு ராயபுரத்துக்காரர்களுக்கு உதாரணம் வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியும் இரும்புத்தாதும் வருடக்கணக்காக அவர்கள் மொட்டைமாடியில் படிந்தன. வழக்கு நடந்தது. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் அங்கே நிலக்கரி கையாளுவது நின்றது. காயப்போட்ட வேட்டி வெள்ளையாகவே திரும்பி வந்தது. நிலக்கரி நிற்கவில்லை; வடக்கே எண்ணூருக்குப் போனது. ராயபுரம் கேட்டது நியாயம், கிடைத்ததும் நியாயம். ஆனால் தூசி குறைந்தது என்று எழுதுகிறவர்கள், எங்கே குறைந்தது என்றும் எழுத வேண்டும்.

5

இதுவரை படித்தவர்களுக்கு நான் மரபணு மாற்றத்துக்கு எதிரானவன் என்று தோன்றலாம். இந்த விவாதத்தில் இரண்டே இரண்டு நாற்காலிகள்தான் போட்டிருப்பார்கள், ஒன்றில் உட்காரச் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வது திசையை. ஜாக்கிரதை செடியிலிருந்து வெளியே போகிறதா, வெளியிலிருந்து செடிக்குள் வருகிறதா?

ஆடி மாசம் எங்கள் பக்கம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, வீட்டுக்கு வீடு கருவாட்டுக் குழம்பு. அந்தக் கேழ்வரகு ஒளிச்சேர்க்கையில் நெல்லைவிடக் கெட்டிக்காரப் பயிர். காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி மெதுவானது, அதோடு தடுமாற்றமும் உண்டு. கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏற இந்தத் தடுமாற்றமும் ஏறும். நெல் அந்த இழப்போடுதான் வாழ்கிறது. கேழ்வரகு, கம்பு, சோளம், கரும்பு ஆகியவை அந்த நொதியை இலையின் உள்ளறைகளில் வைத்து, அங்கே கரியமில வாயுவைச் செறிவாக அனுப்புகின்றன. தடுமாற வாய்ப்பே குறைவு. இந்த வழியை சி-4 என்கிறார்கள். இதைக் கொண்ட பயிருக்கு அதே விளைச்சலுக்குத் தண்ணீரும் குறைவாகப் போதும், நைட்ரஜனும் குறைவாகப் போதும்.

நெல்லை இப்படி மாற்ற முடியுமா என்று 2008-இல் அதே பிலிப்பைன்ஸ் நிறுவனத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் ஜேன் லாங்டேல் அதற்குத் தலைமை ஏற்றார். இலையின் உள் அறையமைப்பையே மாற்ற வேண்டிய வேலை. ஒன்றிரண்டு மரபணுவோடு முடியாது. இன்னும் கைகூடவில்லை. கைகூடினால் அது தயக்கத்தை எடுத்த இலினாய்ச் செடிக்கு நேர் எதிர்த்திசை. நைட்ரஜன் தேவை குறைந்தால் உரம் குறையும். உரம் குறைந்தால் கடலுக்கடியில் ஓடும் அம்மோனியாவும் குறையும். பெரியகுப்பம் சுமக்கும் பொறுப்பில் ஒரு பகுதியை நெல் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்துபார்த்ததும் இந்தத் திசைதான். அலையாத்தி மரமான வெண்கண்டலிலிருந்து, உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்தார்கள். கடல்நீர் உள்ளே வந்த வயலிலும் நெல் நிற்க வேண்டும் என்பது நோக்கம். வெண்கண்டல் எங்கள் எண்ணூர்க் கழிமுகத்திலும் இருக்கிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளும். காலையில் தொட்டுப்பார்த்தால் விரலில் ஒட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் வந்து படிந்தபோதும் ஓரமாக நின்றுகொண்டிருப்பது அதுதான். ஜாக்கிரதை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு மரம் காட்ட வேண்டுமென்றால் அதைக் காட்டுவேன். அதன் மரபணுவை நெல் கடன் வாங்குவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடம் வேறு இடத்தில். ஆய்வகத்தில் மரபணுவாக மதிக்கப்படும் மரம், கழிமுகத்தில் சாம்பலைச் சுமக்கும் இடமாகவே இருக்கிறது. ஒளிச்சேர்க்கையைச் சில சதவீதம் கூட்டப் பல ஆண்டுகள் உழைக்கிறோம். இலைமேல் சாம்பல் படியாமல் பார்த்துக்கொள்வது அதைவிடச் சுலபமான மேம்பாடு.

கேழ்வரகு விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சி-4 வழியை நெல்லுக்குக் கற்பிக்க உலகம் பாடுபடுகிறது. அதை ஏற்கெனவே கற்ற பயிர் வருடத்தில் ஒரு மாதம் கோயில் அண்டாவில் வருகிறது. மீதி மாதங்களில் நாம் அதைச் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு விட்டுவிட்டோம். அரிசிச் சோறு அந்தஸ்து, கூழ் ஏழ்மை என்று பழகியதை எந்த மரபணுவும் தீர்மானிக்கவில்லை. எனக்கும் மதியம் சோறுதான் வேண்டும். செடியைத் திருத்துவது நம் நாக்கைத் திருத்துவதைவிடச் சுலபம் என்று நாம் முடிவுசெய்துவிட்டோம். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம்.

6

இந்தக் கேள்வி தூரத்து வயல்களோடு நின்றுவிடவில்லை. 2025 மே மாதம் ஒன்றிய வேளாண் அமைச்சர் மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். சம்பா மசூரியிலிருந்து ஹைதராபாத்தில் உருவான ‘கமலா’, எம்டியு-1010-இலிருந்து டெல்லியில் உருவான ‘பூசா டிஎஸ்டி ரைஸ்-1’. முன்னது கதிருக்குக் கூடுதல் மணி பிடிக்கும், சீக்கிரம் முற்றும் என்கிறார்கள். பின்னது வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்கிறார்கள். இவை ஒளிச்சேர்க்கையைத் திருத்தியவை அல்ல. ஆனால் அடுத்து வரப்போகிறவை எந்தக் கதவு வழியாக வரும் என்பதை இவை காட்டிவிட்டன.

அந்தக் கதவு 2022 மார்ச்சில் திறந்தது. வெளியிலிருந்து மரபணு எதையும் சேர்க்காமல், செடியின் சொந்த மரபணுவில் சிறு திருத்தம் மட்டும் செய்தால், மரபணு மாற்றுப் பயிர்களுக்கான நீண்ட அனுமதிப் படிகளில் பலவற்றிலிருந்து விலக்கு என்று ஒன்றிய அரசு அறிவித்தது. இதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட சிறு மாற்றம் இயற்கையிலும் தானாக நடக்கக்கூடியதுதான். 2010-இல் பிடி கத்தரிக்காயை நிறுத்திவைத்த அதே தராசில் இதையும் நிறுத்த வேண்டுமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

என் கேள்வி தராசைப் பற்றியது அல்ல. அனுமதிப் படிகளும் ஒரு தயக்கம். மேகம் கடந்த பிறகும் கொஞ்ச நேரம் நம்பாமல் இருக்கும் ஏற்பாடு. அதைக் குறைக்கும்போது சொல்லப்படும் சொற்களும் அவைதான்: தாமதம், விரயம், இழப்பு. குறைக்கலாம். குறைத்த தயக்கம் எங்கே போகிறது? விதை வாங்கும் விவசாயியின் கைக்கா, ஒரு பருவம் பொய்த்தால் கடனை அடைக்கும் அவர் மனைவியின் தாலிக்கா, புது ரகத்துக்கு ஏற்ற உரம் தயாராகும் ஊரின் காற்றுக்கா? பதில் ‘யாருக்கும் இல்லை’ என்றால், அந்தப் பதிலை நம்ப வேண்டாம். பாய்லர் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்காமல் எழுதிய பதில் அது.

ஒவ்வொரு புது ரகத்தின் கூடவும் ஒரு அட்டவணை வரும்: விளைச்சல் இவ்வளவு கூடுதல், நாட்கள் இவ்வளவு குறைவு. அதில் இன்னொரு கட்டம் சேர்க்கச் சொல்வேன். இந்தச் செடி எந்த ஜாக்கிரதையை விட்டுக்கொடுத்தது அல்லது ஏற்றுக்கொண்டது, அது இப்போது யார் பொறுப்பு, அவருக்கு அதற்காக என்ன கொடுக்கிறோம். உப்பைத் தாங்கும் நெல் இந்தக் கட்டத்தில் நன்றாகவே தேறும். சி-4 நெல் வந்தால் அதுவும் தேறும். தயக்கத்தை எடுத்த சோயாவும் தேறலாம். பயிர் சாய்ந்த வருடத்தின் நஷ்டத்தை ஏற்க யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால். எந்தப் பெயரும் எழுதாமல் கட்டம் காலியாக வந்தால், அங்கே எழுத வேண்டிய பெயர் என்ன என்று எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.